மெழுகுச் சட்டை போட்ட கிருமி

என் வீட்டுக்காரரின் சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறது என்று சொன்ன அதே வாரத்தில்தான், மாசமாக இருந்த மகளுக்கு ஏழாம் மாதம் தொடங்கியது. எங்கள் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஒன்பதாம் மாதம் மாமியார் வீட்டில் வளைகாப்பு முடிந்ததும், நாங்கள் வகைவகையாகச் சோறு கட்டிக்கொண்டு போய், மகளைக் கையோடு கூட்டி வந்துவிட வேண்டும். அதில் தவறினால் ஊர் நாலு பேச்சுப் பேசும். ஊர் பேசாவிட்டாலும் என் மனசு பேசும், அது ஊரைவிட மோசம். அந்தத் தாய்வீட்டில் இப்போது ஒரு மனிதர் இருமிக்கொண்டிருந்தார். பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டில் கேட்கவே கூடாத இருமல் அது.

அவர் லோடு டெம்போ ஓட்டுகிறவர். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டு செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போவார். இறக்கிவிட்டு விடிகிற நேரத்துக்குத் திரும்புவார். சீசன் மாதங்களில் திரும்பும் வழியில் ஐந்தருவியில் ஒரு குளியல் போடாமல் வீட்டுக்கு வரமாட்டார். அதனால் இருமல் ஆரம்பித்தபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குற்றாலத்தில் சாரல் அடிக்கிற காலத்தில் தென்காசியில் இருமாதவன்தான் வெளியூர்க்காரன். மருந்துக்கடைக்காரர் நாம் வாயைத் திறப்பதற்கு முன்பே சீசன் சளிக்கு மருந்தை எடுத்து வைத்துவிடுவார். நானும் மிளகு ரசம் வைத்தேன், சுக்குத் தட்டிப் போட்டேன், அருவிக்குப் போகாதீர்கள் என்று தொண்டை வற்றக் கத்தினேன். நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கத்துவது எனக்குப் பழக்கம், அதைக் காதில் போட்டுக்கொள்ளாதது அவருக்குப் பழக்கம்.

சீசன் முடிந்தது. அருவியில் தண்ணீர் வற்றியது, இவர் இருமல் வற்றவில்லை. சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று சுட்டது. சட்டை எல்லாம் அண்ணன் சட்டையைத் தம்பி போட்டதுபோல் தொங்கியது. மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள் "அண்ணாச்சிக்கு சுகர் இருக்கும், பாருங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். சுகர் பார்க்கத்தான் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். இருமலைக் கேட்ட டாக்டர் சளியைக் கொடுங்கள் என்றார். மறுநாளே முடிவு வந்துவிட்டது. காசநோய்தான், ஆனால் வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படுகிற ரகம், ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றார்கள். எனக்கும் சளி, எக்ஸ்ரே எல்லாம் எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்றார்கள்.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மகளைப் பிரசவத்துக்குக் கூட்டி வரலாமா? டாக்டர் யோசித்தார். மாத்திரை ஒழுங்காகப் போனால் சில வாரங்களிலேயே பரவுகிற வேகம் நன்றாகக் குறைந்துவிடும், ஆனாலும் கர்ப்பிணியும் கைக்குழந்தையும் என்பதால் இரண்டாம் மாதம் சளியை மறுபடி பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றார். மகள் ஒன்பதாம் மாதம் வரை மாமியார் வீட்டில் இருக்கப்போகிறாள், இரண்டாம் மாதச் சோதனையும் அந்தச் சமயத்தில்தான் வரும். கணக்குச் சரியாக வந்தது. அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு நடந்தேன்.

அதே மருத்துவமனையில் ஒரு இளவயது டாக்டரம்மா இருந்தார். வெளியூரிலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காக வந்தவர். காசநோயாளிகளின் சளியில் ஒரு வகைக் கொழுப்பை அளந்து பார்க்கிறோம், விருப்பம் இருந்தால் நீங்களும் கொடுக்கலாம், இல்லையென்றாலும் உங்கள் சிகிச்சை எப்போதும்போல நடக்கும் என்று பொறுமையாக விளக்கினார். கொழுப்பு என்றதும் நான் இவரைப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லிவருகிற விஷயத்தை இப்போதாவது ஒருவர் அளக்க முன்வந்தாரே என்று நினைத்துக்கொண்டேன். இவர் சரி என்று தலையாட்டினார். முதல் சளியை அப்போதே கொடுத்தார். அதை ஐஸ் பெட்டியில் வைத்து வெளியூர் லேபுக்கு அனுப்பினார்கள்.

எங்கள் வீடு குத்துக்கல்வலசையில் புதிதாக மனை பிரித்த பக்கம். மேலே ஒற்றை அறை, அதைச் சுற்றி மொட்டைமாடி. மலைக் காற்று நாலு பக்கமும் அடிக்கும். இவரை அங்கே குடிவைத்தேன். மாத்திரை போட்ட அன்றே சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போக, ரத்தம் என்று நினைத்து மாடியிலிருந்து என்னைக் கூப்பிட்ட கூப்பாட்டில் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டைத் திறந்துகொண்டு ஓடி வந்துவிட்டார். மாத்திரை அப்படித்தான் செய்யும் என்று மருத்துவமனையில் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார்கள். அந்த நேரத்தில் இவர் பார்க்கிங்கில் டெம்போ டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகளிடம் சொல்லவில்லை. மாசமாக இருக்கிறவளை எதற்குக் கலக்க வேண்டும்? மருமகனுக்கு வெளிநாட்டில் வேலை. மகள் திருவேங்கடத்தில் மாமியாரோடு இருந்தாள். கோடையில் வந்துவிட்டுப் போனவள், இவருக்கு இருமல் தொடங்கியபின் இந்தப் பக்கம் வரவில்லை. அது நாங்கள் செய்த புண்ணியம். அவள் மாமியாரை நான் மதினி என்று கூப்பிடுவேன், அவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். கரிசல்காட்டில் பருத்தியும் உளுந்தும் போட்டு ஒற்றை ஆளாக மகனை வளர்த்தவர். பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. பெண் பார்க்க வந்த அன்றே, காப்பி தண்ணியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் குடித்தவர். அவரிடம் காசநோய் என்ற சொல்லை எப்படிச் சொல்வது? பெண் கொடுத்த இடத்தில் இந்த நோயின் பெயரைச் சொன்னால், அப்புறம் ஆயுசுக்கும் அந்தப் பெயர்தான் நிற்கும் என்று பயந்தேன். போன் வரும்போதெல்லாம் உங்கள் அண்ணாச்சிக்குச் சளி, அண்ணாச்சிக்கு டெம்போ வேலை, அண்ணாச்சி தூங்குகிறார் என்று ஏதோ சொல்லி மழுப்பினேன்.

மாத்திரையை மட்டும் இவர் ஒரு நாளும் தவறவிடவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். அருவிக்குப் போகாதே என்றால் கேட்காத மனிதர், காலையில் எழுந்ததும் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, நான் மாடிப்படியில் நின்று பார்க்கும்வரை காத்திருந்து விழுங்கினார். பசி திரும்பியது. இட்லி போதவில்லை என்று மேலிருந்து குரல் வந்தபோது, திட்டிக்கொண்டே சந்தோஷமாக மாவை ஊற்றினேன். இருமலும் குறைந்தது. முகத்தில் பழைய களை வந்தது. வளைகாப்புக்கு ஒரு வெள்ளிக்கிழமையை மதினி குறித்துவிட்டார். அதற்கு முந்தின வாரம் இரண்டாம் மாதச் சளியைக் கொடுக்க வேண்டும்.

இங்கேதான் எங்கள் ஊர்க்காரன் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியம் நடந்தது. பேரருவிக்குப் பக்கத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவர் இவருக்குப் பழைய சிநேகிதர். எந்த உடம்புக் கோளாறுக்கும் அவரிடம் எண்ணெயில் ஒரு வழி இருக்கும். அவர் போனில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்: செக்கு நல்லெண்ணெயை ஒரு வாய் ஊற்றி, அது தண்ணீராக நீர்த்துப் போகும்வரை கொப்பளித்துத் துப்பினால் உள்ளே இருக்கிற அழுக்கெல்லாம் அதோடு வந்துவிடும், அப்புறம் சளி கொடுத்தால் சுத்தமாக இருக்கும் என்று. தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டுச் சளி கொடுங்கள் என்றுதான் மருத்துவமனையில் சொன்னார்கள். வெறும் தண்ணீர் எந்த மூலைக்கு என்று இவருக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மகள் வரவேண்டுமென்றால் நல்ல முடிவு வரவேண்டும், நல்ல முடிவு வரவேண்டுமென்றால் கூடுதலாக ஒரு படி சுத்தம் செய்தால் என்ன குறைந்துவிடும்? செக்கில் புதிதாக ஆட்டிய எண்ணெயை நானே வாங்கி வந்தேன். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குத் தலைசீவி விடுகிற மாதிரி, பக்கத்தில் நின்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கொப்பளிக்க வைத்தேன். அவர் கன்னம் வலிக்கிறது என்று ஜாடை காட்டினார். பிறகு பேருக்குத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, இரண்டு டப்பாவிலும் சளியைத் துப்பினார். ஒன்று மருத்துவமனைச் சோதனைக்கு, இன்னொன்று ஆராய்ச்சிக்கு.

மருத்துவமனையிலிருந்து போன் வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். மைக்ராஸ்கோப்பில் இன்னும் ஒன்றிரண்டு கிருமி தெரிகிறது, வந்து பாருங்கள் என்றார்கள். அதற்கு மேல் அவர்கள் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. பிள்ளைகள் வாய்ப்பாட்டை இரண்டாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தன, நான் நிறுத்தச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மாடிப்படியில் உட்கார்ந்தேன். இவர் மேல்படியில், நான் கீழ்ப்படியில். இத்தனை நாள் மாத்திரை விழுங்கியும் உள்ளே இருக்கிறது என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக அவரைத் திட்ட எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வளைகாப்புக்கு ஒரு வாரம்தான் இருந்தது. இனி மதினியிடம் மறைக்க முடியாது.

போன் போட்டேன். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். நோயின் பெயரையும் சொன்னேன், மறைத்ததையும் சொன்னேன், இப்போதும் கிருமி தெரிகிறது என்பதையும் சொன்னேன். அந்தப் பக்கத்தில் கோழி கொக்கரிப்பது கேட்டது. மதினி "ம்" என்றார். பிறகு போன் கட்டாகிவிட்டது. முடிந்தது கதை, இனி பிரசவமும் அங்கேதான், பேச்சுவார்த்தையும் அதோடு சரி என்று நினைத்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் காலையில் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. மதினி நின்றார். திருவேங்கடத்திலிருந்து முதல் பஸ் பிடித்து, சங்கரன்கோவிலில் மாறி வந்திருக்கிறார். கையில் ஒரு மஞ்சள்பை, அதில் முருங்கைக்கீரையும் நாட்டுக்கோழி முட்டையும். என்னிடம் பையைக் கொடுத்துவிட்டு, முகத்தில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு நேராக மாடிக்குப் போனார். மொட்டைமாடியின் இந்தக் கோடியில் அவர், அந்தக் கோடியில் இவர்.

"அண்ணாச்சி, மாத்திரைய ஒழுங்கா முழுங்குதியளா?"

இவர் பள்ளிக்கூடத்துப் பையனைப்போலத் தலையாட்டினார்.

"அப்பச் சரி. மதினி, வாங்க, அந்த டாக்டரம்மாவ நான் பாக்கணும். நீங்க சொல்லுததுல பாதி அழுகையா இருக்கு, ஒண்ணும் வெளங்கல."

ஆட்டோவில் போகும்போது மறைத்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் ஊரில் இந்த வருஷம் மழை தள்ளிப்போனதையும், உளுந்து விதைப்பு தாமதமானதையும் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. ஆட்டோவில் அதற்கு இடம் இல்லை.

மருத்துவமனை டாக்டரும் ஆராய்ச்சி டாக்டரம்மாவும் ஒரே அறையில் இருந்தார்கள். டாக்டரம்மாதான் விளக்கினார். இந்தக் கிருமி மேலே மெழுகும் கொழுப்புமாகத் தடிமனாக ஒரு சட்டை போட்டுக்கொண்டிருக்கும். அந்த மெழுகு, சோதனையில் ஊற்றுகிற சிவப்புச் சாயத்தைப் பிடித்துக்கொண்டு விடாது, ஆசிட் ஊற்றிக் கழுவினாலும் போகாது, அதனால்தான் மைக்ராஸ்கோப்பில் சிவப்பாகத் தெரிகிறது. சிக்கல் என்னவென்றால், மருந்தில் கிருமி செத்தாலும் சட்டை உடனே கழன்றுவிடாது. செத்ததும் சிவப்பாகத் தெரியும், உயிரோடு இருப்பதும் சிவப்பாகத் தெரியும். தெரிகிறது என்றால் மருந்து கேட்கவில்லை என்று உடனே முடிவுகட்ட வேண்டாம் என்றார். இதையெல்லாம் போனிலேயே சொன்னோமே டீச்சர் என்றார் மருத்துவமனை டாக்டர். சொல்லியிருப்பார்கள். நான் வாய்ப்பாட்டில் இருந்தேன்.

"செத்ததா உசுரோட இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கது?" என்று மதினி கேட்டார்.

ஒரு வழி, அதற்குத் தீனி போட்டு வளர்த்துப் பார்ப்பது என்றார் டாக்டரம்மா. உயிர் இருந்தால் வளரும், செத்திருந்தால் வளராது. விதையை ஈரத்துணியில் கட்டி முளைக்கிறதா என்று பார்க்கிற மாதிரிதானே என்றார் மதினி. அதேதான், ஆனால் இந்தக் கிருமி சோம்பேறி, வளரவில்லை என்று உறுதியாகச் சொல்ல வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. அதற்குள் பிள்ளை பிறந்துவிடும். நான் மதினியைப் பார்த்தேன், மதினி சுவரைப் பார்த்தார்.

அப்போதுதான் அந்தக் கொழுப்புச் சோதனையைப் பற்றி டாக்டரம்மா சொன்னார். இந்தக் கிருமியின் சட்டையில் இருக்கிற சில கொழுப்புகளை மனித உடம்பு செய்யாது. சளியில் அது எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால், உள்ளே கிருமி எவ்வளவு என்று சுமாராகச் சொல்லிவிடலாம். மருந்து வேலை செய்யச் செய்ய அந்த அளவு இறங்கிக்கொண்டே வரவேண்டும். வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். எல்லா ஊரிலும் இதை நம்பி முடிவெடுக்கலாமா என்று பார்க்கத்தான் இந்த ஆராய்ச்சியே நடக்கிறது, அதனால் இதை மட்டும் வைத்து நாங்கள் எதையும் முடிவு செய்ய மாட்டோம், ஆனால் எல்லாவற்றோடும் சேர்த்துப் பார்க்க இது ஒரு கண் என்றார். முதல் சளியில் அந்தக் கொழுப்பு ஏராளமாக இருந்ததாம்.

"இப்பக் குடுத்ததுல?" என்றேன்.

டாக்டரம்மா தயங்கினார். உங்கள் வீட்டுக்காரரின் சாம்பிளை மட்டும் அளக்கவே முடியவில்லை என்று லேபிலிருந்து சொல்கிறார்கள், மேலே எண்ணெய் மிதக்கிறதாம், அதற்குள் கிருமியின் கொழுப்பைத் தேடுவது முடியாத காரியமாம், ஊர் ஊராக எத்தனையோ சாம்பிள் வாங்கியிருக்கிறோம், இப்படி ஒன்று வந்ததே இல்லை, அன்றைக்குக் காலையில் அவர் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார்.

ஒன்றுமே சாப்பிடவில்லை என்று நான் பெருமையாகச் சொன்னேன். செக்கு நல்லெண்ணெயில் வாய் கொப்பளித்தார், அவ்வளவுதான், அதுவும் கலப்படம் இல்லாத எண்ணெய்.

மருத்துவமனை டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதலில் சிரித்தது மதினிதான். மாஸ்க் ஏறி இறங்க, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்புறம் டாக்டரம்மா. கொழுப்பை அளக்கிற சோதனைக்கு எண்ணெயோடு வந்த ஆள் இவர்தான் என்றார். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். ஆனால் அந்தச் சிரிப்பில் ஏதோ ஒன்று இளகியது. முந்தின நாளிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் கொஞ்சம் நகர்ந்து கொடுத்தது. நாளைக்கு மறுபடி கொடுங்கள், தண்ணீர் மட்டும், வளர்த்துப் பார்க்கிற சோதனைக்கும் அதையே அனுப்புகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மதினி அன்று ஊருக்குப் போகவில்லை. மருமகளுக்குத் துணையாகப் பக்கத்து வீட்டுப் பெண்ணை வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். மறுநாள் விடிந்ததும் மாடிப்படியில் செம்போடு நின்றது அவர்தான்.

"தண்ணி மட்டும், அண்ணாச்சி. அந்த எண்ணெய் தேய்க்க ஆளு போன் பண்ணுனா எங்கிட்டக் குடுங்க."

இவர் மறுபேச்சுப் பேசாமல் கொப்பளித்தார். இத்தனை வருஷம் நான் கத்திச் சாதிக்காததை அவர் ஒரு செம்புத் தண்ணீரில் சாதித்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

முடிவு வருவதற்குள் நான் கும்பிடாத சாமி இல்லை. வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்பு டாக்டரம்மா இவரையும் என்னையும் வரச் சொன்னார். மதினி மறுபடி பஸ் ஏறி வந்தார். இந்தத் தடவை அளவு சுத்தமாக வந்திருக்கிறது, முதலில் இருந்ததில் ஒரு துளிதான் மிச்சம், அடிமட்டத்துக்கு வந்துவிட்டது என்றார். மருத்துவமனை டாக்டர் இவரை முழுதாகச் சோதித்தார். காய்ச்சல் இல்லை, எடை கூடியிருக்கிறது, மருந்துக்குக் கட்டுப்படுகிற கிருமி, ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவில்லை. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்துவிட்டு, மகளைக் கூட்டி வரலாம் என்றார். அவர் மாடியிலேயே இருக்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும், கீழே வந்தால் மாஸ்க் போடட்டும், பிள்ளை பிறந்ததும் குழந்தை டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள், வளர்த்துப் பார்க்கிற சோதனை முடிகிறவரை பிள்ளையை அவர் தூக்க வேண்டாம்.

வெளியே வந்தோம். மருத்துவமனை வாசலில் வேப்பமரத்தடியில் அப்படியே உட்கார்ந்து அழுதேன். முந்தின வாரம் அழுத அழுகை வேறு, இது வேறு. இது உடம்பிலிருந்து பாரத்தை இறக்கிவைக்கிற அழுகை. மதினி என் தோளைத் தட்டிக்கொடுக்கவெல்லாம் இல்லை. டீ வாங்கி வந்து கையில் கொடுத்தார்.

"எம் மருமவளுக்கு அவ அம்மா வீடு வேணும். அது இல்லைன்னா நான் எவ்வளவு செஞ்சாலும் அவளுக்குப் பத்தாது. அதுக்குத்தான் ஓடியாந்தேன், மதினி. நோய்க்குப் பயந்து வரல."

வளைகாப்பு நன்றாக நடந்தது. இவர் பந்தலுக்குள் வராமல், வெளியே காற்றாடத் தள்ளி, மாஸ்க்கோடு நின்றார். மகளிடம் அன்று காலையில்தான் சொன்னேன். இரண்டு கையிலும் வளையல் குலுங்க என்மேல் கோபப்பட்டாள். எனக்குச் சொல்லாமல் இதை எப்படி வயிற்றில் வைத்திருந்தாய், உன் வாயில் எதுவும் நிற்காதே என்று கேட்டாள். அது நியாயமான கேள்வி. பந்திக்கு முன்பே சமாதானமாகிவிட்டாள், புளியோதரை நான் கிண்டியது என்பதால். அவளைக் காரில் கூட்டிக்கொண்டு வந்தோம். இவர் டெம்போவில் பின்னால் வந்தார்.

அப்புறம் மழைக்காலம். மகள் கீழ்முற்றத்தில் நாற்காலி போட்டு உட்காருவாள், இவர் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்பார். அப்பாவும் பெண்ணும் அண்ணாந்தும் குனிந்தும் பேசிக்கொண்டதில் எங்கள் வீட்டு ரகசியம் ஒன்றுகூடத் தெருவுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். மறைத்து வைத்திருந்த மாதங்களில் நான் பட்ட பாட்டுக்கு இது எவ்வளவோ மேல். மார்க்கெட்டிலிருந்து ஒரு மூட்டைதூக்குகிறவர் வந்து, எனக்கும் ரொம்ப நாளாக இருமல், எந்த டாக்டர் என்று கேட்டுக்கொண்டு போனார்.

பிள்ளை தென்காசியிலேயே பிறந்தது. பெண். குழந்தை டாக்டர் பார்த்துவிட்டு என்ன செய்ய வேண்டும் என்று சொன்னார், செய்தோம். வீட்டுக்கு வந்த பிறகும் இவர் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பார்த்தார். பிள்ளைக்குக் காது தன்னைப் போல என்றார். நான் இல்லை என்றேன். காது அச்சு அசலாக அவருடையதுதான். ஆனால் அவரிடம் அதை எதற்குச் சொல்ல வேண்டும்?

பிள்ளைக்குப் பெயர் வைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு காலையில் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. வளர்த்துப் பார்த்ததில் எதுவும் வளரவில்லை. மைக்ராஸ்கோப்பில் தெரிந்ததெல்லாம் செத்த கிருமிதான். பாக்கி மாத்திரையை முடிக்க வேண்டும், அது தவறக்கூடாது, ஆனால் பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாம். நான் கேட்டது சரிதானா என்று இரண்டு தடவை சொல்லச் சொன்னேன். இந்தத் தடவை ஒரு சொல்கூடத் தவறவிடவில்லை. மதினிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் அந்தப் பக்கத்தில் "ம்" என்றார். இப்போது அந்த "ம்" எனக்குப் புரிந்தது.

மாடியைப் பார்த்துச் சத்தம் போட்டுச் சொன்னேன். அவர் இறங்கி வரவில்லை. இவ்வளவு நாள் பிள்ளைக்காக ஏங்கிய மனிதர் என்ன செய்கிறார் என்று மேலே போனேன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை டெஸ்ட் எடுக்கச் சொல்லலாமா என்றார். எதற்கு என்றேன்.

"ஏளா, பயமா இருக்கு. நம்மால அந்தப் பிஞ்சுக்கு ஒண்ணு வந்துட்டா?"

கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் படியில் காலடி கேட்டது. பிள்ளை பெற்றவள் படியேறக் கூடாது என்று சொல்லியிருந்தேன். மகள் ஒரு கையில் கைப்பிடியையும் மறு கையில் பிள்ளையையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறி வந்து நின்றாள். அவர் முகத்தில் இருந்த மாஸ்க்கைத் தானே கழற்றினாள். பிள்ளையை அவர் மடியில் வைத்தாள்.

அவர் அசையவில்லை. இரண்டு கையையும் பிள்ளையைச் சுற்றி அணைகட்டியதுபோல் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். முகம் சிவந்துகொண்டே போனது, கழுத்து நரம்பு புடைத்தது. எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. மகளுக்குத்தான் புரிந்தது.

"எப்பா, மூச்சு விடுங்க."

அவர் விட்டார். பிள்ளையின் நெற்றியில் கிடந்த முடி லேசாக அசைந்தது. அது முகத்தைச் சுளித்துவிட்டு, மறுபடி தூங்கிப்போனது.